சி-ரோட்ஸ்: ஐந்து வருட வகுப்பறை அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஐந்து வருடமாக சி-ரோட்ஸ் என்ற கணினிக் காலநிலை மாதிரியைப் பயன்படுத்துகிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. இலவசம். என் பழைய லேப்டாப், செல்போன் ஹாட்ஸ்பாட், ஒரு புரொஜெக்டர், அவ்வளவு போதும்.

அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிற வளர்ந்த நாடுகள், சீனா, இந்தியா, பிற வளரும் நாடுகள் என்று வகுப்பை ஆறாகப் பிரிப்பேன். கரிம உமிழ்வு எந்த வருடத்தோடு ஏறுவதை நிறுத்தும், எப்போதிருந்து இறங்கும், வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு குழுவும் பேசி முடிவுசெய்து சொல்ல வேண்டும். மரம் எவ்வளவு நடுவோம் என்பதையும் சொல்லலாம். அதைப் பதிந்தால் தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிட 2100-இல் பூமி எவ்வளவு சூடாகும் என்று திரையில் கோடாக வரும். யாரும் எதுவும் செய்யாவிட்டால் 3 டிகிரிக்கு மேல். 2015 பாரிஸ் ஒப்பந்தம் கேட்பதோ 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே.

முதல் சுற்றில் எல்லா வருடமும் ஒன்றே நடக்கிறது. மரம் நடுவதை எல்லாரும் முழுசாக ஏற்றிவிடுவார்கள், கோடு லேசாகத்தான் அசையும். பிள்ளைகள் முகம் வாடிவிடும். அந்த இடத்தில் ஏரியைச் சொல்லுவேன். மதகில் போவதைவிட வரத்து அதிகமாக இருக்கும் வரை ஏரி ஏறிக்கொண்டேதான் இருக்கும். வரத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஏறும் வேகம்தான் குறையும், மட்டம் இறங்காது. காற்றில் சேரும் கரியமில வாயுவும் அப்படித்தான். இது புரிந்துவிட்டால் பத்து வருடம் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். புத்தகத்தை வைத்து என்னால் இதைச் செய்ய முடிந்ததில்லை.

தலைக்கு எவ்வளவு உமிழ்வு என்ற வரைபடத்தைத் திறந்ததும், இந்தியாவின் கோடு அடியில் கிடப்பதைப் பார்த்து இந்தியக் குழுவின் குரல் உயரும். நிகர பூஜ்யத்துக்கு, அதாவது வெளிவிடுவதும் உறிஞ்சுவதும் சமமாவதற்கு, 2070 என்று இந்தியா 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் சொன்னது ஏன் என்று அப்போது நான் விளக்கவே வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. ஏழை நாடுகளுக்கு வருடம் 10,000 கோடி டாலர் என்று பணக்கார நாடுகள் 2009-இல் கொடுத்த வாக்குறுதியைக் கரும்பலகையில்தான் எழுதி வைக்க வேண்டும். மாதிரியின் கணக்குக்குள் அது வராது. வங்கதேசமும் சவூதி அரேபியாவும் 'பிற வளரும் நாடுகள்' என்ற ஒரே குழுவில் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு மாணவி எழுந்தாள். கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே அவர்களுக்கு நிலம் இருக்கிறது. "மிஸ், நுரை மேல இருந்து வருது. இதுல அதைப் போட முடியுமா?" பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து அங்கே வெள்ளை நுரையாகப் பொங்குவதை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம். சி-ரோட்ஸில் அதைப் போட முடியாது. அதற்கு எல்லார் புகையும் ஒரே வானத்தில் சேர்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஐரோப்பாவின் ரெய்ன்ஸ் மாதிரியைப் பற்றிச் சொன்னேன். எந்த நாட்டுப் புகை எந்த நாட்டு மண்ணில் அமில மழையாக விழுகிறது என்று அது கணக்கிட்டது; 1994 ஆஸ்லோ கந்தக ஒப்பந்தத்துக்கு அந்தக் கணக்கு அடிப்படையாக இருந்தது. அவள் கேட்டது அதைப் போன்ற ஒரு மாதிரியைத்தான்.

எடுத்து நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு: இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைப் பதிவதற்கு முன் விடையை ஊகித்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நந்தி மலையிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரைக்கும் தென்பெண்ணைக்கு நான்கு குழுக்களோடு ஒரு தாள் மாதிரியும் போட்டிருக்கிறேன். ஆகஸ்டில் வகுப்பில் முதல் தடவையாக நடத்தப் போகிறேன்.