பூநாரைக்கு மே மாதத்தில் முன்பணம்: கோடியக்கரை, முத்துப்பேட்டை செல்வோர் கவனத்திற்கு

நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டக் கடலோரத்துக்குக் குடும்பத்துடன் செல்லத் திட்டமிடுவோர், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 'கடலோரக் கிராமச் சுற்றுலா' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்த ஓர் ஏற்பாட்டாளரிடம் முழுத் தொகையையும் செலுத்திவிட்டு, கடந்த மே மாதம் சென்றோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகுப் பயணம், கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம், மீனவர்களோடு விசைப்படகில் கடலுக்குச் செல்லுதல், தரங்கம்பாடிக் கோட்டை என்று விளம்பரம் நீண்டது. இவற்றில் ஒன்றுகூடச் சொன்னபடி நடக்கவில்லை. நடக்காது என்பது பணம் வாங்கும்போதே அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

கோடியக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம். பூநாரைகள் அங்கே பெருந்திரளாகத் தங்குவது மழைக்காலத்தை ஒட்டிய குளிர் மாதங்களில்தான். மே மாதத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் நீர் வற்றி, வெடித்து, உப்புப் பூத்துக் கிடந்த சதுப்பு நிலம். தொலைபேசியில் கேட்டபோது, "பறவை வருவதும் வராததும் நம் கையிலா சார் இருக்கிறது?" என்றார் ஏற்பாட்டாளர். பருவத்தில் போயும் பறவை கண்ணில் படாமல் போவது வேறு. பருவமே இல்லாத மாதத்தில் பறவைக் கூட்டத்தின் படத்தைக் காட்டிப் பணம் வாங்குவது வேறு. வெளிமான்களையாவது பார்த்திருக்கலாம், அவை ஆண்டு முழுவதும் அந்தக் காட்டில் இருப்பவை. ஆனால் சரணாலய நுழைவுக் கட்டணம் தொகுப்பில் சேராது என்று அப்போதுதான் சொன்னார்கள்.

மே மாதத்தில் அந்தப் பக்கம் பார்க்க எதுவுமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வேதாரண்யம் உப்பளங்களில் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடக்கும் காலம் கோடைதான். விடியற்காலையில் பாத்தியில் இறங்கி, மரப்பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் குவிக்கும் தொழிலாளர்களின் உழைப்பையும், 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளியில் நிற்கும் நினைவுத் தூணையும் பார்ப்பதற்காகவே ஒருவர் அங்கே செல்லலாம். ஓட்டுநரோ, அது பட்டியலில் இல்லை என்று சொல்லி வண்டியை நிறுத்த மறுத்துவிட்டார்.

விசைப்படகு விஷயம் இன்னும் வெளிப்படையான ஏமாற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அனைத்தும் கரையில் கட்டிக் கிடக்கும். தடையில்லாத மாதங்களிலும், மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி கிடையாது.

முத்துப்பேட்டையில் நடந்தது பண இழப்போடு முடிகிற காரியம் அல்ல என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வனத்துறை அனுமதிக் கட்டணம் என்று ஆளுக்கு ஒரு தொகையைத் தனியாக வாங்கியிருந்தார்கள். அதற்குக் கொடுத்த சீட்டில் துறையின் முத்திரையும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. பயணிகள் வழக்கமாகப் படகேறும் ஜாம்புவானோடைக்கு அழைத்துச் செல்லாமல், ஒரு கால்வாய்க் கரையில், மீன் வலை ஒரு மூலையில் சுருட்டிக் கிடந்த ஃபைபர் படகில் முதியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றினார்கள். உயிர்காப்பு உடை ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, இடுப்பளவு தண்ணீர்தானே என்றார் படகை ஓட்டியவர். ஆழம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அடியில் இருப்பது கால் புதையும் சேறு. கரையோரச் சேற்றில் விரல் விரலாக நிமிர்ந்து நின்ற அலையாத்தியின் சுவாச வேர்களைக் குழந்தைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியபோதே, நீர் வற்றுகிறது என்று படகைத் திருப்பிவிட்டார்கள். காயலின் அகன்ற நீர்ப்பரப்பை நாங்கள் பார்க்கவே இல்லை. பின்னர் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்தபோது, எங்கள் பெயரிலோ அந்த ஏற்பாட்டாளர் பெயரிலோ அன்றைக்கு எந்த அனுமதியும் பதிவாகவில்லை என்று தெரிந்தது.

தரங்கம்பாடிக்கு வெள்ளிக்கிழமையில் அழைத்துச் சென்றார்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய அந்தக் கோட்டையின் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை.

இப்படிப்பட்ட தொகுப்பை யாராவது உங்களிடம் நீட்டினால், எந்த மாதத்தில் எது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வனத்துறைக் கட்டணத்தை இடைத்தரகரிடம் கொடுக்காமல், அலுவலகத்தில் நேரில் கட்டி, உங்கள் பெயருக்கே ரசீது வாங்குங்கள். உயிர்காப்பு உடை தராத படகில், எவ்வளவு வற்புறுத்தினாலும், குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற வரியை ஏற்பாட்டாளர் காட்டினார். அப்படி ஒரு வரியை அச்சடித்துவிட்டால் நுகர்வோரின் உரிமை பறிபோய்விடாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுற்றுலா நடந்த ஊருக்கு அலையாமல், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதற்குக் கட்டணமும் இல்லை. விளம்பரப் படம், பணம் அனுப்பியதற்கான சான்று, முத்திரையில்லாத அந்தச் சீட்டு ஆகியவற்றை இணைத்து நாங்கள் புகார் அளித்திருக்கிறோம். இதேபோல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் வைத்திருந்து, தாங்களும் புகார் அளிக்க வேண்டுகிறேன்.