புனிதரா, மண்டை ஓடா, கறுப்பு எனாமலா? கோதிக் மோதிரங்கள் ஓர் ஒப்பீடு

கோதிக் மோதிரம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது மண்டை ஓடுதான். கண்குழியில் சிவப்புக் கல், ஓரமெல்லாம் கறுப்பேற்றிய வெள்ளி, விரலில் பாதியை மூடும் அளவு. பிடித்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கோதிக் என்பது ஐரோப்பாவின் இடைக்காலக் கலைப் பாணி. அந்த உண்மையான கோதிக் காலத்தில், குறிப்பாக 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், செதுக்கு வேலை செய்த தங்க மோதிரங்களின் முகப்பில் அதிகம் இருந்தது புனிதர்களின் உருவம். மண்டை ஓடு பரவலாக வந்தது அடுத்த நூற்றாண்டில். இறந்தவர் நினைவாகக் கொடுக்கும், கறுப்பு எனாமல் பூசிய துக்க மோதிரங்கள் அதற்கும் பிறகு பெருகியவை. மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம், ஏனென்றால் மூன்றிலும் சித்திரம் செய்கிற வேலையே வேறு.

முதலில் புனிதர் மோதிரம். முகப்பு பெரும்பாலும் நடுவில் ஒரு விளிம்போடு இரண்டு சரிவாக இருக்கும், சரிவுக்கு ஒரு புனிதர். பார்பரா என்றால் பக்கத்தில் கோபுரம், கேத்தரின் என்றால் சக்கரம், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பவர் கிறிஸ்தோபர். கிறிஸ்தோபர் உருவத்தைப் பார்த்துவிட்டால் அன்றைக்குத் திடீர் மரணம் அண்டாது என்பது அந்தக் கால நம்பிக்கை, அதனால் எப்போதும் கண்ணில் படுகிற விரலில் அவரை வைத்துக்கொண்டது எத்தனை பொருத்தம் பாருங்கள். சிலவற்றில் நல்ல புத்தாண்டு அமையட்டும் என்று பிரெஞ்சில் ஒரு வரியும் இருக்கும். புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தவை அவை.

இந்த வகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கோவென்ட்ரி மோதிரம். 1802இல் கோவென்ட்ரியில் கிடைத்த அகலமான தங்க மோதிரம், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிப்பக்கம் கல்லறையில் எழுந்து நிற்கும் இயேசு, சுற்றிலும் அவருடைய ஐந்து காயங்கள். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு பெயர்: இரக்கத்தின் ஊற்று, கருணையின் ஊற்று, ஆறுதலின் ஊற்று, அருளின் ஊற்று, நித்திய வாழ்வின் ஊற்று. திருப்பி உள்பக்கம் பார்த்தால் லத்தீன் வாசகம், இறைவனின் ஐந்து காயங்களே எனக்கு மருந்து என்று தொடங்கி, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற மூன்று அரசர்களின் பெயர்களைச் சொல்லி, இரண்டு மந்திரச் சொற்களில் முடிகிறது. மூன்று அரசர்களின் பெயர் காக்காய் வலிப்பைத் தடுக்கும் என்று நம்பினார்கள். யாருக்கும் தெரியாமல் தோலை ஒட்டிக் கிடக்கிற எழுத்து, தாயத்துக்குள் சுருட்டி வைத்த தகடு மாதிரி. நான் பார்த்த எந்த நவீன கோதிக் மோதிரத்திலும் இந்த உள்பக்க வேலை இல்லை.

சரி, மண்டை ஓட்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தம் வந்து புனிதர் உருவங்கள் ஓரங்கட்டப்பட்ட காலத்தில் இது செல்வாக்குப் பெறுகிறது. புனிதர் உங்களைக் காப்பாற்றுவார், மண்டை ஓடு யாரையும் காப்பாற்றாது, சாவு வரும் அதற்குத் தயாராக இரு என்று சொல்லும், அவ்வளவுதான். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. அறுகோண முகப்பு, நடுவில் வெள்ளை எனாமலில் மண்டை ஓடு, சுற்றிலும் 'முடிவைப் பார்' என்ற பொருளில் எழுத்து, விளிம்பில் 'பொய் விசுவாசத்தைவிடச் சாவே மேல்'. முகப்பின் பின்பக்கத்தில் எம், எல் என்ற இரண்டு எழுத்துகளைக் கட்டிய காதல் முடிச்சு. அப்படியென்றால் இது ஒரு ஜோடியின் மோதிரம்! சாவை முன்னால் வைத்து, காதலைப் பின்னால் விரலோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்காகக் கோர்ட்ஸ், ஹாக்கெட் என்ற இரண்டு பொற்கொல்லர்கள் 1978இல் செய்த மண்டை ஓட்டு மோதிரம் அழகான வேலை, இன்று கடைகளில் கிடப்பதில் பல அதைப் பார்த்து வந்தவை, ஆனால் அந்த நகல்களில் எழுத்தும் இல்லை, முடிச்சும் இல்லை.

துக்க மோதிரம் எனக்கு மூன்றாம் இடம்தான். இறந்தவர் பெயர், இறந்த நாள், வயது, இவை வளையத்தைச் சுற்றி எனாமலில் ஓடும். பொதுவாகக் கறுப்பு என்றால் மணமானவர், வெள்ளை என்றால் மணமாகாதவர் அல்லது குழந்தை. முத்து கண்ணீருக்கு. 1703இல் இறந்த, நாட்குறிப்புக்குப் பேர்போன ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்கள் கொடுக்கப்பட்டன. பழைய மோதிரமாக வாங்கினால் முகம் தெரியாத ஒருவரின் மரணத்தைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டும், எனக்கு மனசு வராது.

ஆக, வரலாற்றுக்காக என்றால் புனிதர் மோதிரம். போட்டுக்கொள்ள ஒன்றுதான் என்றால் நான் மண்டை ஓட்டையே எடுப்பேன், ஆனால் பின்பக்கத்தில் எனக்கு வேண்டியவருடைய எழுத்தைச் செதுக்கச் சொல்லி. புனிதரின் முகமெல்லாம் நெல்மணி அளவுகூட வராது, வார்ப்பில் எடுத்தால் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போகும். மண்டை ஓடு வார்ப்பைத் தாங்கும்.

வாங்கும்போது ஒரு லென்ஸ் கொண்டு போங்கள். உளியால் வெட்டிய கோட்டின் விளிம்பு கூராகத் தெரியும், கோடு தொடங்கும் இடம் மெலிந்து போகப்போக ஆழமாகும். வார்ப்புக் கோடு எங்கும் ஒரே தடிமனில் வழுவழுவென்று இருக்கும். அப்புறம் கறுப்பேற்றிய வெள்ளியை, பளபளப்பாக்கும் திரவத்தில் முக்கிவிடாதீர்கள், பள்ளத்தில் இருக்கிற கறுப்பும் கரைந்து சித்திரமே தெரியாமல் போய்விடும். மேட்டை மட்டும் துணியால் துடைத்தால் போதும்.