பெடல் கட்ட ரிச்சி ஸ்ட்ரீட் போதுமா? ரெண்டு வருஷம் அலைஞ்சதுல கத்துக்கிட்டது

கிட்டார் பெடல், அதாவது காலால அமுக்கி கிட்டார் சத்தத்த மாத்துற சின்ன டப்பா, அத சொந்தமா கட்ட ஆரம்பிக்கிற எல்லாருக்கும் ஒரே தலைவலி தான், சர்க்யூட்ல போட்டிருக்கிற நம்பர் எதுவும் இங்க கிடைக்காது, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சாமான் விலைய விட கூரியரும் கஸ்டம்ஸும் மேல போயிடும். நான் ரெண்டு வருஷமா மாசத்துக்கு ஒரு தடவையாவது சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போறேன், இதுவரைக்கும் ஏழு பெடல் கட்டியிருக்கேன், அதுல அஞ்சுக்கு ஃபுட் ஸ்விட்ச்ச தவிர எல்லாமே அங்கேயே வாங்கினது. அதனால இந்த ரிவ்யூ ஒரு கடைய பத்தி இல்ல, மொத்த தெருவ பத்தி.

முன்னாடி பூரா மொபைல் டிஸ்ப்ளே, சிசிடிவி கடைங்க தான், அதப் பாத்துட்டு திரும்பிடாதீங்க, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு பக்கம் உள்ள போனா காம்பொனன்ட் கடைங்க வரும். முதல் தடவ போறப்ப நான் ஒரு பேப்பர்ல நம்பரா எழுதிட்டு போனேன், நாலு கடைல இல்ல இல்லன்னு சொல்லிட்டாங்க. அஞ்சாவது கடைல இருந்த அண்ணன் பேப்பர கைல வாங்கி பாத்தாரு.

"என்ன சர்க்யூட்டு தம்பி இது?"

"கிட்டார் சத்தத்த கரகரப்பாக்குற ஃபஸ் பெடல் ண்ணே. என்கேடி275 இல்லன்னா பிசி108 ட்ரான்சிஸ்டர் ஆச்சும் வேணும்."

"108 இல்ல. 107 இருக்கு, காலேஜ் பசங்க லேபுக்கு வாங்கிட்டு போறது. அது போதும், எத்தன வேணும்?"

அந்த ஒரு வார்த்தைல தான் எனக்கு கதவு திறந்துச்சு. நான் கட்ட நெனச்சது ஃபஸ் ஃபேஸ், அது 1966ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி விட்ட பெடல், முதல்ல அதுல ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் என்கேடி275, அப்புறம் சிலிக்கானுக்கு மாறினப்ப பிசி183, பிசி108 எல்லாம் போட்டாங்க. பிசி107, 108, 109 மூணும் ஒரே குடும்பம், 107 அதிக வோல்டேஜ் தாங்கும், 109 நாய்ஸ் கம்மி, 9 வோல்ட் பெடலுக்கு அந்த வித்தியாசம் ஒன்னும் பண்ணாது, கால் வரிசையும் ஒன்னு தான். நம்ம ஊர்ல ஈசிஇ படிச்சவங்க எல்லாரும் ஆம்ப்ளிஃபையர் லேப்ல இந்த பிசி107அ கைல தொட்டிருப்பாங்க, ஆனா அதுக்கு லண்டன் ஃபஸ்ஸோட இவ்ளோ நெருங்கின சொந்தம்னு யாரும் சொல்லித் தந்ததில்ல, எனக்கு அது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

ரெண்டு விஷயம் கவனிங்க. 107ஓட மெட்டல் மூடி உள்ளுக்குள்ள கலெக்டர் காலோட சேர்ந்திருக்கும், பெடலோட அலுமினிய பாக்ஸ்ல பட்டா ஷார்ட் ஆயிடும், அதனால மேல பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டிடுங்க. இன்னொன்னு, ரெண்டாவது ட்ரான்சிஸ்டர் கலெக்டர்ல வர்ற 8.2கே ரெசிஸ்டர் இடத்துல நேரா 10கே ப்ரீசெட், அதாவது திருப்பி அளவ மாத்துற குட்டி ரெசிஸ்டர், வெச்சிடுங்க. 8.2கே போட்டப்ப எனக்கு ரெண்டாவது ட்ரான்சிஸ்டர் கலெக்டர்ல 3.4 வோல்ட் தான் வந்துச்சு, சத்தம் மூக்கடைச்ச மாதிரி, நோட்டு முடியறப்ப கரகரன்னு அறுந்து போகும். மீட்டர் கம்பிய அங்கயே வெச்சுக்கிட்டு ப்ரீசெட்ட மெதுவா திருப்பி 4.5க்கு கொண்டு வந்தேன், கிட்டத்தட்ட 6.4கேல நின்னுச்சு, அந்த இடத்துல நோட்டு நீளமா வழவழன்னு ஓட ஆரம்பிச்சுது. கெயின் ஜாஸ்தியா இருந்து கீச்சுன்னாலோ ரேடியோ கேட்டாலோ கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவுல 47 பிகோ டிஸ்க் கெப்பாசிட்டர் ஒன்னு போடுங்க, அடங்கிடும்.

ஜெர்மேனியமே வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு: ஏசி128 இன்னும் சில கடைல பழைய டப்பால கிடக்கு, பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ ரிப்பேர் காலத்து சரக்கு. ஆனா டெஸ்ட் பண்ணாம வாங்கவே கூடாது. நான் ஒரு சின்ன ப்ரெட்போர்டும் 9 வோல்ட் பேட்டரியும் எடுத்துட்டு போவேன், கலெக்டர்ல 2.4கே, பேஸ் சும்மா விட்டுட்டு, ரெசிஸ்டர் மேல எவ்ளோ வோல்ட் விழுதுன்னு பாப்பேன். 0.2 வோல்ட் வந்தா நல்ல பீஸ், 1 வோல்ட்ட தாண்டினா அது லீக் ஆகுது, வெச்சிடலாம். விரலால அத புடிச்சுக்கிட்டே மீட்டர பாருங்க, உடம்பு சூட்டுக்கே நம்பர் மெதுவா ஏறும். பன்னெண்டு பீஸ்ல மூணு தான் தேறுச்சு, கடைக்காரர் முகம் சுளிக்காம அரை மணி நேரம் கவுன்டர்ல இடம் குடுத்தாரு, அந்த பொறுமைக்காகவே அவர்கிட்ட திரும்ப திரும்ப போறேன். இந்த சூட்டுனால தான் மே மாசத்துல ஏசி இல்லாத மேடைல ஜெர்மேனியம் ஃபஸ்ஸோட பயாஸ், அதாவது ட்ரான்சிஸ்டருக்கு செட் பண்ணின வோல்டேஜ், மாறி குரல் கம்மிப் போகும், சென்னைக்கு சிலிக்கான் தான் சரின்னு நான் சொல்றதுக்கு காரணம் அதான். அதுவும் இல்லாம ஏசி128 பிஎன்பி வகை, 107க்கு நேர் எதிர், பாசிட்டிவ் கிரவுண்ட்ல கட்டினா மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல மாட்ட முடியாது, 107ல அந்த தொல்லை இல்ல. ஆனா கிட்டார் வால்யூம கொஞ்சம் குறைச்சா சத்தம் அப்படியே கண்ணாடி மாதிரி தெளியுமே, அந்த அழகு ஜெர்மேனியத்துக்கு தான், 107ல அந்த அளவுக்கு வராது.

அடுத்தது ராட் (RAT)ங்கிற டிஸ்டார்ஷன் பெடல், அதுக்கு எல்எம்308 ஐசி தேடி அலையாதீங்க. அந்த ஐசியோட குணமே அது மெதுவா நகர்றது தான், அதோட வேகம், ஸ்லூ ரேட்னு சொல்லுவாங்க, மைக்ரோசெகண்டுக்கு 0.3 வோல்ட் பக்கம், ஓபி07 ஐசியும் அதே அளவு, பின்னாடி ராட் பண்ற கம்பெனியே ஓபி07க்கு மாறிட்டாங்க. அது கூட கிடைக்கலன்னா சாதா 741, 0.5 வோல்ட், எந்த கடைலயும் டீ விலைக்கு கிடைக்கும், கொஞ்சம் இரைச்சல் வரும் அவ்ளோ தான். 308க்கு ஒன்னாவது எட்டாவது காலுக்கு நடுவுல ஒரு 30 பிகோ கெப்பாசிட்டர் வரும், இது ரெண்டுக்கும் அது வேணாம், விட்டுடுங்க. டிஎல்071 போடாதீங்க, 13 வோல்ட் வேகம், ராட்டோட அந்த முரட்டு சத்தம் மாறிடும்.

இப்ப குறை. ஜேஃபெட்ங்கிற ட்ரான்சிஸ்டர் வகை விஷயத்துல மட்டும் இந்த தெருவ நம்பி போகாதீங்க. ஜே201 கேட்டா பிஎஃப்டபிள்யூ10 எடுத்து தருவாங்க, அதுவும் ஜேஃபெட் தான் சார்னு சொல்லுவாங்க, நல்ல மனசோட தான் சொல்றாங்க, ஆனா கேட்டையும் சோர்சையும் சேர்த்தா ஓடுற கரண்ட், ஐடிஎஸ்எஸ்னு சொல்றது, ஜே201ல 0.2ல இருந்து 1 மில்லிஆம்ப், பிஎஃப்டபிள்யூ10ல 8ல இருந்து 20, சர்க்யூட் பயாஸே ஆகாது. சரின்னு ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பத்து பீஸ் வாங்கினேன், கேட், சோர்ஸ் ரெண்டு காலையும் சேர்த்து கட்டி மீட்டர்ல பாத்தா ஒவ்வொன்னும் 6 மில்லிஆம்ப் காட்டுது, வேற எதையோ மேல நம்பர் அச்சடிச்சு வித்திருக்காங்க, காசும் திரும்பி வரல, அன்னிக்கு ரொம்ப மனசு விட்டுப் போச்சு. இப்ப எஸ்எம்டில, அதாவது போர்டு மேலயே ஒட்டுற பொடி சைஸ்ல, வர்ற எம்எம்பிஎஃப்ஜே201 வாங்கி குட்டி அடாப்டர் போர்டுல சால்டர் பண்றேன், கை நடுங்காம இருந்தா கஷ்டம் இல்ல.

பாட், அதாவது வால்யூம் மாதிரி திருப்புற கன்ட்ரோல், அத பத்தி ஒன்னு. 500கே கேக்காதீங்க, 470கே கேளுங்க, உடனே வரும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. திருப்பினா ஒரே சீரா ஏறுற லீனியரா, முதல்ல மெதுவா ஏறுற லாக்கான்னு கடைல சரியா சொல்ல மாட்டாங்க, நடு இடத்துல வெச்சு மீட்டர்ல பாருங்க, பாதி காட்டினா லீனியர், பத்து பதினஞ்சு பர்சன்ட் தான்னா லாக். ட்ரான்சிஸ்டர மாத்துறப்ப காலயும் பாத்துக்கோங்க, 2எஸ்சி1815க்கு பதிலா பிசி547 போடலாம், ஆனா தட்டை பக்கம் நம்மள பாத்து இருந்தா 1815 எமிட்டர், கலெக்டர், பேஸ், 547 கலெக்டர், பேஸ், எமிட்டர். என் முதல் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் ரெண்டு நாள் ஊமையா கிடந்தது இதனால தான்.

ஒன்பது கால் ஃபுட் ஸ்விட்ச் எனக்கு அங்க எப்பவும் கிடைச்சதில்ல, அத ஆன்லைன்ல தான் வாங்குறேன். ஞாயித்துக்கிழம போகாதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் போட்டிருக்கும், வார நாள்ல பதினோரு மணிக்கு போனா கடைக்காரங்க நின்னு பேசுவாங்க, சாயங்காலம் ப்ராஜெக்ட் பசங்க கூட்டம். அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கி நடந்துடலாம். அடுத்த தடவ போறப்ப எக்கோ குடுக்கிற டிலே பெடலுக்கு பிடி2399 ஐசி வாங்கணும், கரோக்கே எக்கோ போர்டுக்காக எல்லா கடையும் வெச்சிருக்காங்க, அது 5 வோல்ட் ஐசி, கூடவே வோல்டேஜ 5க்கு இறக்குற 78எல்05 ரெகுலேட்டர் ஒன்னும் கேட்டு வாங்கிடுங்க.