மஞ்சள் வண்டியும் முதல் ஆளும்: சேலத்தில் ஆறு வருட ஜேசிபி வாடகை அனுபவம்

வண்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது டீசல் கணக்கைத்தான். மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்? சாதாரண மண் வேலைக்கு ஐந்து லிட்டர் போட்டுக்கொள்ளுங்கள். சரளை இறுகிக் கிடந்தால் ஆறு போகும். சொல்லிவிட்டு நான் ஒன்று திருப்பிக் கேட்பேன்: "வண்டியை ஓட்டப்போவது யாருங்க?" அதற்கு மட்டும் பெரும்பாலும் பதில் வராது. "ஆள் கிடைப்பாங்கல்ல" என்பார்கள். கிடைப்பார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவில் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் பிறர் வண்டியில் ஆப்பரேட்டராக இருந்தவன். 2019-இல் பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். 2016 மாடல், மீட்டரில் சுமார் 5,000 மணி ஓடியிருந்தது. 2022-இல் இரண்டாவதைப் புதிதாக எடுத்தேன். இரண்டுமே 76 குதிரைசக்தி ரகம், எடை ஏழரை டன்னுக்கு மேல். கம்பெனிப் பெயர் வேண்டாம். நம் ஊரில் மஞ்சள் நிறத்தில் முன்னால் ஒரு பக்கெட், பின்னால் ஒரு கை இருந்தால் எல்லாமே ஜேசிபிதான். நான் சொல்வது எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் வண்டி நிற்கிறது. கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர் வரை மரவள்ளிக் காட்டைச் சமன் செய்வது, பண்ணைக் குட்டை வெட்டுவது, வரப்புப் போடுவது. மேற்கே டவுனுக்குள் வீட்டு அஸ்திவாரம், குழாய்ப் பள்ளம், பழைய கட்டடம் இடிப்பது. மழை இல்லாத மாதங்களில் ஏற்காட்டு எஸ்டேட் வேலையும் வரும். மூன்றுக்கும் ஒரே வண்டிதான், ஆனால் தேய்மானம் ஒன்று போல் இருக்காது. காட்டு வேலையில் டயர் நன்றாக உழைக்கும், பக்கெட் பல் மட்டும் போகும். டவுன் வேலையில் இடிபாட்டுக் கம்பி டயரைக் கிழிக்கும். மலையில் பிரேக்கும், மூட்டுகளில் இருக்கும் பின்-புஷ்ஷும் (இரும்பு ஆணியும் அதன் உறையும்) அடி வாங்கும்.

பழைய வண்டியைப் பற்றிப் பெரிதாகப் புகார் இல்லை. எஞ்சினைத் திறந்ததே இல்லை. 500 மணிக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில், ஃபில்டர். மரவள்ளிக் காட்டுப் புழுதியில் ஓடினால் ஏர் ஃபில்டரை அன்றன்றே தட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஹைட்ராலிக் ஹோஸ் அவ்வப்போது வெடிக்கும். சேலத்தில் அதே அளவுக்கு ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகள் இருப்பதால் அரை நாளில் வேலை முடியும். புது வண்டி 2021 ஏப்ரலுக்குப் பின் வந்த மாசு விதிப்படி செய்தது. இழுவை நன்றாக இருக்கிறது, டீசலும் கொஞ்சம் குறைவு. ஆனால் சென்சார் ஒன்று கோளாறு சொன்னால் கம்பெனி ஆள் லேப்டாப்போடு வர வேண்டும். அதற்குக் காத்திருந்தே ஒரு வாரம் வண்டி நின்றதுண்டு. மீட்டர் ஓடாத வாரத்துக்கும் தவணை உண்டு.

தவணை என்றதும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதைச் செய்து பார்க்காமல் இரண்டாவது வண்டிக்குப் போகாதீர்கள். 24 லட்சம் கடன், நான்கு வருடம், பத்து சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 61,000-ஐ ஒட்டி வரும். மணி வாடகை 1,200. மாதம் 150 மணி ஓடினால் 1,80,000. லிட்டர் 92 ரூபாய் என்று டீசல் 69,000 போனால் மீதி 1,11,000. தவணை கட்டினால் 50,000. ஆப்பரேட்டருக்குச் சம்பளமும் பேட்டாவுமாக 26,000. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸுக்கு மாதம் 15,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 9,000. அதே வண்டி 100 மணிதான் ஓடியது என்றால் டீசலும் தவணையும் போக 13,000 மிஞ்சும். ஆள் சம்பளத்துக்கே அது போதாது. நாமே ஓட்டினால் அந்தச் சம்பளம் நம் வீட்டுக்கு வருகிறது. முதல் வண்டியில் லாபம் பார்த்ததாக நினைப்பவர்கள் பலரும் உண்மையில் தங்கள் சம்பளத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது வண்டி வந்ததும் ஜிஎஸ்டியும் வந்துவிடும். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேலே போட்ட கணக்கில் ஒரு வண்டியே வருடத்துக்கு 21 லட்சத்தைத் தாண்டுகிறது பாருங்கள். வாடகைக்கு 18 சதவீதம். கட்டட ஒப்பந்ததாரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், விவசாயி முகம் சுளிப்பார். பதிவு செய்துவிட்டுப் புது வண்டி எடுத்தால் அதற்குக் கட்டிய வரியை வரவு வைத்துக் கழித்துக்கொள்ளலாம். சில லட்ச ரூபாய் விஷயம் அது. நல்ல ஆடிட்டரை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது ஆள் விஷயம்.

ஊர் வழக்கம் இப்படி: ஆப்பரேட்டருக்குச் சம்பளம் சிறிதாக இருக்கும், மணிக்கு இவ்வளவு என்று பேட்டா பெரிதாக இருக்கும். ஓனருக்கு நிம்மதி, வண்டி ஓடினால்தான் காசு கொடுக்க வேண்டும். ஆப்பரேட்டருக்கும் நல்ல மாதங்களில் கை நிறையும். நானும் அப்படித்தான் வேலை செய்தேன். அதனால் அந்த சீட்டில் உட்கார்ந்தவனுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். காலையில் கிரீஸ் அடிக்கிற அரை மணி நேரம் மீட்டரில் ஏறாது. அதற்குக் காசு கிடையாது. பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் ஏற்றும் வாய்) கிரீஸ் போக வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பேட்டாவுக்கு ஓட்டுகிறவன் கண்ணில் படுகிற நாலு இடத்தில் அடித்துவிட்டுச் சாவியைத் திருகுவான். மூட்டு ஆணி காய்ந்து தேயும், புஷ் ஆடும், கை லொடலொடவென்று ஆட ஆரம்பிக்கும். ஒரு செட் பின்-புஷ் மாற்றி, ஓட்டையை வெல்டிங் வைத்துக் கடைந்து வாங்கினால் அவன் மாசம் பூராவும் வாங்கிய பேட்டா அதிலேயே போகும். ஆளைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நடக்கும்.

அரூர் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலை கேட்டு வந்தார். இருபத்தைந்துக்குள் வயசு, ஹெல்பராக இருந்து கற்றவர். ஓட்டிக் காட்டச் சொன்னேன். குழி வெட்டுவது பரவாயில்லை. எனக்குப் பிடித்தது வண்டியை நிறுத்திய விதம். இரண்டு பக்கெட்டையும் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை ஆட்டி அழுத்தத்தை விடுவித்துவிட்டு இறங்கினார். இறங்கியவர் குனிந்து வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று பார்த்தார். யாரும் சொல்லவில்லை.

பேட்டாவைக் குறைத்துச் சம்பளத்தை 20,000 ஆக்குகிறேன், மணிக்கு 40 ரூபாய்தான் பேட்டா என்றபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்படின்னா வேற வண்டியில நூறு தராங்களே ஓனர்."

"தரட்டும் தம்பி. ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்சு வண்டி நின்னா என்ன தருவாங்க?"

யோசித்தார். "காலைல கிரீஸ் அடிக்கிற நேரம்?"

"அதுவும் வேலை நேரந்தான். அவசரமே இல்ல, எல்லா நிப்பிளும் அடிச்சுட்டு எடு."

அந்தப் பேச்சுக்குப் பிறகு வண்டியில் வந்த மாற்றத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வழக்கமாக ஒரு வருடத்துக்குள் ஆட ஆரம்பித்துவிடும் முன்பக்க பக்கெட்டின் புஷ் இரண்டாம் வருடமும் இறுக்கமாக இருந்தது. டீசலும் குறைந்தது, தேவையில்லாமல் எஞ்சினை முறுக்குவது நின்றதால். மீட்டரில் மணி கொஞ்சம் குறையத்தான் செய்தது. மெதுவாக ஓட்டுகிறார், உண்மைதான். ஆனால் ஒரு முறை வேலை கொடுத்த விவசாயி மறுமுறையும் அவரையே கேட்கிறார்.

முன்பணம் தனிக் கதை. தம்பிக்குப் பழைய ஓனரிடம் வாங்கிய 30,000 பாக்கி இருந்தது, அதை நான் கட்டினேன். இந்தத் தொழிலில் முன்பணத்தைக் கழிக்காமலே வைத்திருந்து ஆளைக் கட்டிப்போடுவார்கள். எனக்கு அது ஒப்பாது. மாதம் 2,000 பிடித்தம், நோட்டில் இரண்டு பேர் கையெழுத்து. கடன் தீர்ந்த பிறகும் அவர் போகவில்லை.

ஆள் வைக்கும் முன் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. அந்த ரக வண்டிக்கு உரிமம் செல்லுபடியாகிறதா என்று முதலில் பாருங்கள். உரிமம் சரியில்லை என்றால் விபத்தில் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். இஎஸ்ஐக்குப் பத்துப் பேர், பிஎஃபுக்கு இருபது பேர் வேலையில் இருக்க வேண்டும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாயமில்லை. அதனால் பொறுப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். நான் ஆள் வைத்தபோது இருந்த 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தில், ஒரே ஒரு ஆள் இருந்து வேலையில் அடிபட்டாலும் முதலாளிதான் பொறுப்பு. வண்டி இன்சூரன்ஸ் எடுக்கும்போதே சம்பள ஓட்டுநர் பாதுகாப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஹெல்பருக்குத் தனியாகக் கேளுங்கள். வருடம் 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் திட்டம் எந்த வங்கிக் கணக்கிலும் போடலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய இருவரையும் நானே அழைத்துப் போனேன்.

ஹெல்பர் எதற்கு, செலவுதானே என்று கேட்கிறார்கள். டவுனுக்குள் அவர் இல்லாமல் வண்டியை இறக்கவே மாட்டேன். மண்ணுக்குள் குடிநீர்க் குழாய், கேபிள், மேலே கரண்டுக் கம்பி. ஆப்பரேட்டருக்கு இருக்கிறது இரண்டு கண்தான். தோண்டுவதற்கு முன் கேபிள் கம்பெனிகளுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி வந்திருக்கிறது, பயன்படுத்துங்கள். ஹெல்பருக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கை சுழலும் வட்டத்துக்குள் நிற்கக் கூடாது. டீ கொடுக்கப் போனாலும் எஞ்சின் நின்ற பிறகுதான்.

மணிக் கணக்கில் தகராறு வராத நாள் குறைவு. விவசாயி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஆப்பரேட்டர் மீட்டரைப் பார்ப்பார், மீட்டரோ வண்டி சும்மா நின்று உறுமினாலும் ஓடும். ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்து வேலை கொடுத்தவருக்கும் எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று வைத்தேன். சண்டை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி கடன் சண்டை, அதற்கு மருந்து இல்லை. ஒரு ஒப்பந்ததாரர் பாக்கி வைத்த பணத்துக்கு நான் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் டீசல் காசை முன்கூட்டியே வாங்கிவிடுகிறேன்.

மண் எடுக்கும் வேலைக்கு ஒரு எச்சரிக்கை. அனுமதிச் சீட்டு இல்லாமல் கிராவல் வெட்டும் இடத்தில் வண்டி பிடிபட்டால், 1957-ஆம் வருடச் சுரங்கச் சட்டப்படி டிப்பரோடு சேர்த்து நம் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். இரவு வேலைக்கு இரட்டை வாடகை என்று யாராவது கூப்பிட்டால் எதற்கென்று புரிந்துகொள்ளுங்கள். ஏரி வண்டல் அப்படியில்லை. தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-இல் வந்த பிறகு விவசாயிகளுக்கு எளிது, நமக்கும் நேர்மையான வேலை. அனுமதித் தாளைப் படம் எடுத்துக்கொள்ளாமல் பக்கெட்டை இறக்காதே என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருமுறை தாள் வரவில்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைய வாடகை போனது, எனக்கு வருத்தமே இல்லை.

மலை வேலைக்கு வாடகை 1,500. அதிகம் என்பார்கள். கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி இறங்கிய வண்டிக்கு அது அதிகமில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் பிரேக் பிடிக்காது. சின்ன கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே இறக்க வேண்டும். இதைத் தம்பிக்குப் பழக்க அவரோடு குப்பனூர் பாதையிலும் போய் வந்தேன். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் வண்டியை ஏற்றவே மாட்டேன், சுற்றுலா வண்டிகளுக்கு நடுவில் நாம் போனால் எல்லாருக்கும் தொல்லை. ஏற்காட்டுக் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகின்றன. எஸ்டேட் ஓனர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முறையான அனுமதித் தாளைக் கேட்டு வாங்குங்கள். சரிவில் குறுக்காக நிறுத்தி வெட்டவே கூடாது. மேலே காப்பிச் செடிக்கு அடியில் பொலபொலவென்று மண், ஒரு முழம் இறங்கினால் கருங்கல். கல் தெரிந்ததும் நிறுத்திவிட்டு பாறை உடைக்கும் பிரேக்கர் வண்டியைக் கூப்பிடச் சொல்வது நல்லது. பக்கெட்டால் நெம்பிப் பார்க்கிற வீரம் பல்லுக்குத்தான் கேடு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதே, அப்போது மேலே ஒரு எஸ்டேட்டில் வழி அடைத்துக்கொண்டது, வண்டி வேண்டும் என்று கேட்டார்கள். என்ன கேட்டாலும் தரத் தயார் என்றார்கள். தம்பி போகிறேன் என்றார். நான் அனுப்பவில்லை. நனைந்த சரிவுக்கு அடியில் ஏழரை டன் வண்டி நின்று மண்ணைப் பிடுங்கினால் மேலே இருப்பது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மண் காய்ந்த பிறகு நானும் கூடப் போய், மேலே ஒரு ஆளைப் பார்வைக்கு நிறுத்தி, பகலில் மட்டும் வெட்டினோம்.

இப்போது வாங்குவதாக இருந்தால்? 2025 ஜனவரியிலிருந்து வண்டிகளுக்கு அடுத்த கட்ட மாசு விதி வந்துவிட்டது, விலையும் கூடியிருக்கிறது. நீங்களே ஓட்டுவதாக இருந்தால் கிரீஸ் நன்றாகப் போன பழைய வண்டியைத் தேடுங்கள். பார்க்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே, பின்பக்கக் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி பக்கெட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆள் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஆளை முதலில் பிடியுங்கள், வண்டி பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் மூன்றாவது ஆளை வைத்தது நான் இல்லை, தம்பிதான். அவரோடு ஹெல்பராக இருந்தவர் பழைய வண்டிக்கு ஆப்பரேட்டர் ஆகிவிட்டார். புது ஹெல்பரை அரூரிலிருந்து அவர்களே அழைத்து வந்தார்கள்.