15,000 ரூபாய் போனுக்கு நாம் உண்மையில் கொடுப்பது எவ்வளவு?

தங்கை மகள் இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்கு ஒரு போன் வாங்கக் கோத்தகிரியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். போனைக் கையில் கொடுக்கும் முன்பே தவணைக் கணக்கைத்தான் சொன்னார்கள். "அக்கா, இப்போ 3,000 கட்டுங்க. மீதி மாசம் 1,500, எட்டே மாசம். வட்டியே கிடையாது" என்றார் ஒரு கடைத் தம்பி. போனின் விலை 15,000. 3,000-மும் எட்டு 1,500-மும் சேர்த்தால் 15,000 சரியாகத்தான் வருகிறது. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை.

அதே போனை ரொக்கமாகக் கேட்டால் 14,500-க்குத் தருகிறார்கள். தவணையில் எடுத்தால் அந்த 500 போய்விடும். அதோடு பிராசசிங் கட்டணம் 699. பேசிக்கொண்டிருக்கும்போதே பில்லில் 999 ரூபாய்க்கு ஓர் இன்ஷூரன்ஸும் ஏறிவிட்டது. "இது என்ன தம்பி?" என்று கேட்ட பிறகுதான் அது கட்டாயமில்லை என்று தெரிந்தது.

இன்ஷூரன்ஸை எடுத்துவிட்டே பார்ப்போம். ரொக்க விலை 14,500. முதல் நாளே கையிலிருந்து போவது 3,699. ஆக உண்மையில் நமக்குக் கிடைக்கும் கடன் 10,801தான்; அதற்கு எட்டு மாதத்தில் திருப்பிக் கட்டுவது 12,000. ஊர்ப்பேச்சில் சொன்னால் ஏறக்குறைய இரண்டரை வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டரை ரூபாய். இன்ஷூரன்ஸையும் செலவோடு சேர்த்தால் ஐந்து வட்டியை நெருங்குகிறது. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது விளங்கும்.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் குறைவாக முடியும். வங்கி போடும் வட்டியைக் கடையோ கம்பெனியோ விலையில் கழித்துக்கொடுக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் நம் தலையில். வட்டி 700 என்றால் வரி 126. வங்கிக் கட்டணம் 199-உம் அதன் வரியும் சேர்ந்து 235. மொத்தம் 361 கூடுதல். தேதி தவறாமல் கட்டுகிற மாதச் சம்பளக்காரர்கள் தாராளமாக எடுக்கலாம்.

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் கிடையாது, தேயிலைக் கொழுந்தை ஃபேக்டரிக்குப் போட்டு வரும் இலைப் பணம்தான். தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகி வரத்தே குறைந்துவிடும். தவணைத் தேதிக்கு இதெல்லாம் தெரியாது. தங்கை முன்பு ஒரு போன் தவணையில் எடுத்தாள். ஐந்து தவணை ஒழுங்காகப் போனது. ஜனவரியில் ஃபேக்டரிப் பணம் ஒன்பது நாள் தாமதம். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியது. கடன் கொடுத்தவர்கள் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. பிப்ரவரியிலும் அதே கதை. தவணைக்கு வெளியே ஆயிரத்துக்கு மேல் போனது. அதைவிட, காலை ஏழு மணிக்கு வந்த போன்களுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டு நின்றதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

அடுத்தது ரீசார்ஜோடு கட்டி விற்கும் போன். 2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட் நல்ல உதாரணம். ரொக்கமாக 6,499. தவணையில் முதலில் 1,999, பிராசசிங் 501, அப்புறம் மாதம் 300 வீதம் 24 மாதம், மொத்தம் 9,700. கூடுதலாகப் போன 3,201-க்கு இரண்டு வருட ரீசார்ஜும் கிடைத்தது, மாதத்துக்கு 133 ரூபாய்தான் ஆகிறது. பணக்கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு சிம்முக்கு முற்றத்தில் மட்டும் சிக்னல். இன்னொன்று அடுப்படிவரை வரும். வளைவு திரும்பினால் இரண்டும் மாறிவிடும். சிக்னல் சரியில்லை என்றால் 90 நாளுக்குப் பிறகு நம்பரை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. 24 மாதத் திட்டத்தில் கட்டுண்ட பிறகு அந்த உரிமை இருந்தும் பயன் இல்லை. வீட்டுக்குள் எந்த சிம் எடுக்கிறது என்று பார்க்காமல் இந்த வகைக்குப் போகவே கூடாது.

பழைய போன் வாங்குபவர்கள் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். படிக்கிற பிள்ளைக்கு நான் பழையது எடுக்க மாட்டேன். மழையில் ஈரம் ஏறிப் பழுதானால், சர்வீஸுக்காகக் கோயம்புத்தூர் போய்வர பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது மகளிர் குழுக் கடன். கையில் 3,000; குழுவில் 11,500, ஒரு வட்டிக்கு. எட்டு மாதத்தில் அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து மொத்தம் 518 ரூபாய் வருகிறது. ரொக்க விலைக்கே போன் கிடைத்ததால் எல்லாம் சேர்த்து 15,018. கடைத் தவணையில் இன்ஷூரன்ஸ் இல்லாமலே 15,699, இன்ஷூரன்ஸோடு 16,698.

கடைத் தவணைதான் வழி என்றால், கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதைத் தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். தவணைத் தேதியையும் இலைப் பணம் வரும் நாளுக்குப் பத்து நாள் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தங்கை இந்த முறை குழுத் தலைவியிடம் முதலில் பேசியது வட்டியைப் பற்றி அல்ல. "அக்கா, ஜனவரித் தவணையை மட்டும் பிப்ரவரியில் சேர்த்துக் கட்டட்டுமா?" என்று கேட்டாள். சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.