கொரோனா காலத்தில் எங்கள் குழு வாங்கிய கடன்கள்: எது தாங்கியது, எது அழுத்தியது

மகளிர் குழுவில் கடன் எடுக்கலாமா, வீடு தேடி வந்து கொடுக்கிறார்களே அதை வாங்கலாமா என்று பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் எனக்கு போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். வேடசந்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக் குழுவுக்கு நான் ஊக்குநர், அதாவது குழுவை முன்நின்று நடத்துகிறவள். தொழில் தையல். கொரோனா காலத்தில் எங்கள் குழுப் பெண்கள் மூன்று விதமான கடனை வைத்துச் சமாளித்தோம். அந்த மூன்றும் எப்படி இருந்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைவிட முதல் தவணை எப்போது என்பதுதான் முக்கியம். வேலை திரும்பும் வரை பொறுத்த கடன் எங்களைக் காப்பாற்றியது. அடுத்த வாரமே வந்து நின்ற கடன், தொகை பெரிதாக இருந்தும், அடுப்பங்கரைப் பணத்தைத்தான் தின்றது.

2020 மார்ச் 24 மாலையோடு எல்லாம் நின்றது. வாரச்சந்தை இல்லை. மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் வரவில்லை. ஆட்டு வியாபாரி வரவில்லை, ஆனால் ஆட்டுக்குத் தீனி போட்டுத்தான் ஆகவேண்டும். பூக்கட்டுகிறவருக்குக் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. எனக்குச் சித்திரை மாதம்தான் ரவிக்கை தைக்கும் சீசன். அந்த வருஷம் ஒரு துணிகூட வரவில்லை. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மூன்று மாதம் 500 ரூபாய் போட்டது. அது மளிகைக்கு ஆனது. தொழிலை மறுபடி தொடங்க அது போதாது.

அப்போது முதலில் கைக்கு வந்தது வெளிக்கடன் அல்ல, எங்கள் உள்கடன்தான். மாதச் சந்தாவாகச் சேர்த்த பணம், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது. அந்தச் சமயத்தில் யாருக்கு எது அவசரம் என்று எங்களுக்கே தெரியும். விண்ணப்பம், விசாரணை ஒன்றும் தேவைப்படவில்லை. ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை, ஒருவருக்கு ஆட்டுத்தீவனம், இட்லிக் கடைக்காரருக்கு அரிசி உளுந்து. இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஒரே குறை, நிதி சின்னது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கஷ்டம் வந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும், தீர்ந்தும்விட்டது.

அடுத்தது வங்கிக் கடன். அந்த மார்ச் மாதமே நிதியமைச்சர் குழுக்களுக்கு அடமானமில்லாக் கடன் வரம்பை 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்துவதாக அறிவித்தார். டிவியில் கேட்டவர்களெல்லாம் இருபது லட்சம் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். எங்களைப் போன்ற குழுவுக்கு அந்த வரம்பு பேச்சளவில்தான். நிஜமாக உதவியது வங்கிகள் தனியாகக் கொண்டுவந்த கோவிட் அவசரக் கடன். இந்தியன் வங்கி ‘கோவிட் சகாயா’ என்று ஒன்றை அறிவித்தது: உறுப்பினருக்கு 5,000 ரூபாய், குழுவுக்கு அதிகபட்சம் 1 லட்சம். எங்கள் குழுக் கணக்கு வேறு வங்கியில். அங்கும் தலைக்கு 5,000 என்ற கணக்கில் பதினான்கு பேருக்கு 70,000 கிடைத்தது. முதல் 6 மாதம் தவணை இல்லை; மொத்தம் 36 மாதத்தில் முடிக்க வேண்டும். தவணை தொடங்கியபோது தலைக்கு மாதம் ஏறக்குறைய 200 ரூபாய்தான். நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலியிலேயே கட்டிவிடலாம்.

தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கூட்டமோ கூடக் கூடாது. என் வீட்டுத் திண்ணையில் நோட்டை வைத்தோம். ஒவ்வொருவராக வந்து, அவரவர் பேனாவில் கையெழுத்திட்டு, கல்லுக்கடியில் நோட்டை வைத்துவிட்டு நகர்வார்கள். அடுத்தவர் வருவார். கைநாட்டு வைக்கிற அக்காவுக்காக மட்டும் மைப்பெட்டியைத் தனியாக ஒரு தட்டில் வைத்திருந்தோம். வங்கியில்தான் இழுத்தார்கள். கணினியில் ஒரு உறுப்பினர் பெயர் ஆதாரோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ் ஓடாத நாளில் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்வது எவ்வளவு பெரிய சொல் என்று கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அவசரக் கடனில் அவசரம் இல்லாதது இந்த ஒரு இடம்தான்.

என் பங்கு 5,000 ரூபாயில் காடாத்துணியும் எலாஸ்டிக்கும் வாங்கினேன். மகளிர் குழுக்களைக் கவனிக்கும் அரசின் ‘மகளிர் திட்டம்’ வழியாகக் குழுக்களுக்கு மாஸ்க் தைக்கிற வேலை வந்துகொண்டிருந்தது. துணி கிடைத்துவிட்டது, எலாஸ்டிக்குக்குத்தான் பெரும்பாடு. ரோல் விலை தினம் ஏறியது. கடைசியில் அதே துணியில் மெல்லிசாக நாடா வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தோம். காதில் மாட்டுவதற்குப் பதில் பின்னால் கட்டுகிற மாதிரி. துவைத்தால் தொய்யாது என்று அதையே விரும்பிக் கேட்டவர்கள் உண்டு. எனக்குக் கீழே இரண்டு பெண்கள் காஜா அடிக்கிற வேலை தெரிந்தவர்கள். அவர்களும் நாடா மடித்துச் சம்பாதித்தார்கள். ஆறு மாதம் தவணை இல்லை என்ற தைரியத்தில்தான் அந்தத் துணியை வாங்கினேன். அடுத்த வாரமே கட்ட வேண்டியிருந்தால் அந்தப் பணத்தைத் தொடாமல் தவணைக்கே எடுத்து வைத்திருப்பேன்.

மூன்றாவது, வார டியூ கடன், அதாவது வாரா வாரம் தவணை கட்டுகிற கடன். குழுவில் நான்கைந்து பேர் கொரோனாவுக்கு முன்பே ஒரு தனியார் கம்பெனியில் எடுத்திருந்தார்கள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதி கொடுத்தது. இதை எங்கள் பெண்களிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததுமே போன் வந்தது: ‘கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த லோன் கிடையாது.’ தள்ளிப்போட்டவர்களுக்கு வேறு அதிர்ச்சி. தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு இல்லை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 20,000 ரூபாய் பாக்கி, ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு 2,400 ரூபாய் வட்டி ஏறியிருக்கும். பிறகு மத்திய அரசு வட்டிக்கு வட்டியை மட்டும் திருப்பித் தந்தது. இதே கணக்கில் அது 123 ரூபாய்தான். பேப்பரில் பெரிய செய்தியாக வந்ததைப் பார்த்து, வட்டியே தள்ளுபடி என்று நம்பியவர்கள் ஏமாந்து போனார்கள்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம், இரண்டாம் அலையில், எங்கள் உறுப்பினர் ஒருவரின் கணவர் இறந்துபோனார். தனியார் கம்பெனி கடன் கொடுக்கும்போதே கணவன் மனைவி இருவருக்கும் இன்சூரன்ஸ் பிடித்திருந்தது. இறப்புச் சான்றிதழ் கொடுத்ததும் மிச்சக் கடன் அடைந்துவிட்டது. எங்கள் வங்கிக் கடனில் அப்படி ஒன்றும் இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் குழு முழுவதும் பொறுப்பு என்பதால், அந்தப் பெண் எழுந்து உட்காரும் வரை அவர் தவணையை உள்கடன் நிதியிலிருந்து கட்டினோம். மனதாரச் செய்தோம். ஆனாலும் நோய்க் காலத்துக்கென்றே கொண்டுவந்த கடனில் சாவுக்கு ஏற்பாடு இல்லாதது எனக்கு இன்றும் ஆறவில்லை. அடுத்த முறை முதலில் திருத்த வேண்டியது இதுதான்.

இடையில் கூட்டுறவு வங்கிகளில் 2021 மார்ச் 31 வரை நிலுவையில் இருந்த குழுக் கடன்களைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. பக்கத்துக் குழுவுக்குக் கிடைத்தது, சந்தோஷம். அதை நம்பி மட்டும் யாரும் கடன் எடுக்காதீர்கள். ஒழுங்காகக் கட்டி முடித்த குழுவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இப்போது எடுக்கப் போகிறவர்களுக்கு: வட்டி மானியத்தோடு 3 லட்சம் வரையிலான குழுக் கடன் ஆண்டுக்கு 7 சதவீதத்தில் கிடைக்கிறது. வார டியூ கடனில் 20 சதவீதத்துக்கு மேல் போகிறது. அவசரத்துக்குத் தனியாரிடம் போயே ஆகவேண்டும் என்றால் 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். வட்டியும் கட்டணமும் போட்ட விவரத்தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு போன் செய்யக் கூடாது. ஃபீல்டு ஆபீசரிடம் இதைச் சொன்னால் பேசுகிற தொனியே மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: முதல் தவணை எந்தத் தேதி, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த மாதம் என்ன ஆகும். இரண்டாவதுக்கு அவர்கள் சொல்லும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.