212 மில்லியனா, 52 மில்லியனா: ஒரே வாரத்துல ரெண்டு டீம் எடுத்த முடிவு

சேலத்துல விடியக்காலைல எந்திரிச்சு அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏ பாக்குறதுக்கு எங்க செட்ல ரெண்டே பேரு தான். நான் ஃபிலடெல்ஃபியா சிக்ஸர்ஸ், அஸ்தம்பட்டில இருக்குற என் ஃப்ரெண்டு டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 2023 டிசம்பர் முடியுறப்ப அவன் டீம் தொடர்ந்து 28 மேட்ச் தோத்துருந்துச்சு, ஒரே சீசன்ல வரிசையா அவ்ளோ தோத்த டீம் அதுக்கு முன்னாடி கெடையாது, அப்ப நான் தான் ஃபோன் போட்டு பேசுனேன், "மாப்ள, எங்க டீமும் 2015ல ரெண்டு சீசன் சேத்து இதே 28 தோத்துருக்குடா, மனச விட்றாத"ன்னு. ஒன்றரை வருஷம் கூட ஆகல, 2025 ஏப்ரல்ல அவன் டீம் ப்ளேஆஃப் (சீசன் முடிஞ்சு மேல வந்த டீமுங்க மோதுற சுற்று) ஆடுது, என் டீம் 24 ஜெயிச்சு 58 தோத்து வீட்டுக்கு வந்துருச்சு.

இது எங்க மாறுச்சுன்னு தேடிக்கிட்டே போனா 2024 ஜூலை முதல் வாரத்துல போயி நிக்கும். அந்த வாரத்துல ஃபிலடெல்ஃபியா டோபியஸ் ஹாரிஸ விட்டுட்டு பால் ஜார்ஜ எடுத்துச்சு, டெட்ராய்ட் அதே ஹாரிஸ எடுத்துச்சு. ரெண்டு டீம் கையிலயும் காசு இருந்துச்சு, ரெண்டு டீமுக்கும் ஒரு ஃபார்வர்டு வேணும். அதனால தான் இத பக்கத்து பக்கத்துல வெச்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச.

முதல்ல எங்க பக்கம். 2023-24ல 47 ஜெயிச்சோம், அதுவும் எங்க பெரிய ஸ்டார் ஜோயல் எம்பீட் 39 மேட்ச் மட்டும் ஆடுன வருஷத்துல. ஹாரிஸோட 5 வருஷ 180 மில்லியன் டாலர் ஒப்பந்தம் முடிஞ்சுது, சம்பள கணக்குல பெரிய எடம் காலியாச்சு. டீமுக்கு ஆள் எடுக்குற பொறுப்புல இருந்த டாரில் மோரி அந்த எடத்த ஜார்ஜுக்கு குடுத்தாரு, 4 வருஷத்துக்கு 212 மில்லியன், அன்னைக்கி ரேட்டுக்கு நம்மூரு காசுல 1,770 கோடி பக்கம். ஜார்ஜுக்கு வயசு 34. உண்மைய சொல்றேன், நியூஸ் வந்த அன்னைக்கி எனக்கு அவ்ளோ சந்தோஷம், 9 தடவ ஆல்ஸ்டார், முந்தின சீசன்ல 74 மேட்ச் ஆடிருக்காரு, எம்பீட், எங்க இளம் ஸ்டார் மேக்ஸி, ஜார்ஜ்னு மூணு பேரு இருந்தா எவன் நிப்பான்னு நெனச்சேன். ஆனா ஒண்ண அப்பவே கவனிச்சிருக்கணும், அவர அஞ்சு வருஷமா கூடவே வெச்சிருந்த கிளிப்பர்ஸ் நாலாவது வருஷம் குடுக்க ஒத்துக்கல. ஒரு ஆளோட முட்டி இடுப்பெல்லாம் எந்த நெலமைல இருக்குன்னு அவன தினமும் பாக்குற டீமுக்கு தான் நல்லா தெரியும், அவங்க தயங்குனா வாங்குறவன் ரெண்டு தடவ யோசிக்கணும்.

என்ன ஆச்சு? 2024-25ல எம்பீட் 19 மேட்ச், ஜார்ஜ் 41, மேக்ஸி 52. மூணு பேரும் சேந்து கோர்ட்ல எறங்குனது 15 மேட்ச் தான். சீசனுக்கே 82 மேட்ச், அதுல 15. காலைல அலாரம் அடிச்சதும் ஸ்கோர பாக்குறதுக்கு முன்னாடி இஞ்சுரி லிஸ்ட்ட பாக்குற பழக்கமே வந்துருச்சு எனக்கு.

இப்ப டெட்ராய்ட். அவங்க 2023-24ல ஜெயிச்சது 14, தோத்தது 68. முந்தின வருஷம் தான் மான்டி வில்லியம்ஸுக்கு 6 வருஷத்துக்கு 78.5 மில்லியன் குடுத்து கோச்சா கூட்டிட்டு வந்தாங்க, ஒரே சீசன்ல அனுப்பிட்டாங்க, பாக்கி காசு கொஞ்ச நஞ்சமில்ல. டீம் பொறுப்புக்கு புதுசா வந்த ட்ரஜன் லாங்டன் பெரிய பேரு எதுக்கும் போகல. ஹாரிஸுக்கு 2 வருஷம் 52 மில்லியன், மாலிக் பீஸ்லிக்கு ஒரு வருஷம் 6 மில்லியன், டல்லாஸ் கழட்டிவிட்ட டிம் ஹார்டவே ஜூனியர வாங்கிக்கிட்டதுக்கு டல்லாஸே கூட மூணு செகண்ட் ரவுண்ட் பிக் (வருஷா வருஷம் புதுப் பசங்கள எடுக்குற டிராஃப்ட்ல ஒரு ஆள எடுக்குற வாய்ப்பு) குடுத்துச்சு. அவ்ளோ தான். அப்ப என் ஃப்ரெண்டு செம கடுப்புல இருந்தான், "நீங்க தூக்கி போட்டத எங்க தலைல கட்டிட்டீங்கடா"ன்னு சண்ட.

அவன் கடுப்பானதுல தப்பே இல்ல, ஏன்னா ஹாரிஸ்னா எங்களுக்கே ஆகாது. 2024 ப்ளேஆஃப்ல நியூயார்க் கூட ஆறாவது மேட்ச், எங்க சீசனே முடிஞ்சு போன மேட்ச், அதுல அவரு எடுத்தது சைபர். ஃபிலடெல்ஃபியா ஆளுங்க அவர கூவி கூவி திட்டுனாங்க, நானும் இங்கருந்து திட்டிருக்கேன். ஆனா திட்டுனது அவரோட ஆட்டத்தயா அவரோட சம்பளத்தயான்னு இப்ப யோசிச்சு பாத்தா சம்பளத்த தான். ஸ்டார் சம்பளம் வாங்குறவன் ஸ்டார் மாதிரி ஆடணும்னு எதிர்பாத்தோம், அவரு எப்பவுமே மூணாவது நாலாவது ஆளு, அந்த வேலைய சொன்னா ஒழுங்கா செய்வாரு. டெட்ராய்ட் அந்த வேலைய தான் குடுத்துச்சு. 73 மேட்ச் ஆடுனாரு, சராசரி 13.7 பாயிண்ட், பந்து வந்தா போடு, வரலன்னா டிஃபென்ஸ் ஆடு, சின்ன பசங்க தடுமாறுனா டைம்அவுட்ல பக்கத்துல போயி பேசு.

பீஸ்லி விஷயம் இன்னும் பெருசு. 82 மேட்சும் ஆடி 319 த்ரீ (தூரத்துலருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) போட்டாரு, பிஸ்டன்ஸ் சரித்திரத்துலயே ஒரு சீசன்ல யாரும் அவ்ளோ போட்டதில்ல, லீக்லயே அந்த வருஷம் அவர விட ஒண்ணே ஒண்ணு அதிகமா போட்டது ஆன்டனி எட்வர்ட்ஸ் மட்டும். 6 மில்லியனுக்கு!

இது ஏன் முக்கியம்னா, கேட் கன்னிங்ஹாம் ஏற்கனவே அங்க தான் இருந்தாரு, 2021ல முதல் பிக். முந்தின வருஷங்கள்ல அவரு பந்த தட்டிக்கிட்டு உள்ள போனா பெயிண்ட்ல, அதாவது கூடைக்கு கீழ, நாலு பேரு காத்துக்கிட்டு இருப்பான், ஏன்னா வெளிய நிக்கிற பசங்களுக்கு ஷாட் விழாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அவங்கள தனியா விட்டாலும் ஒண்ணும் ஆகாது. கார்னர்ல பீஸ்லி வந்து நின்னதும் அவர விட்டுட்டு உள்ள ஹெல்ப் போக முடியல, அந்த ரெண்டு அடி எடம் கெடச்சதும் அதே கேட் 26 பாயிண்ட் 9 அசிஸ்ட்னு ஆல்ஸ்டார் ஆனாரு, அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியலான ஆல் என்பிஏல மூணாவது டீம்லயும் வந்தாரு. டீம் 14ல இருந்து 44. நியூயார்க் கூட ரெண்டாவது மேட்ச் அவங்க ஊர்லயே ஜெயிச்சப்ப, 2008க்கு அப்புறம் டெட்ராய்ட்டுக்கு அது தான் முதல் ப்ளேஆஃப் வெற்றி, நடுவுல வரிசையா 15 தோல்வி. அன்னைக்கி சாயங்காலம் தட்டுவடை செட் சாப்புட நின்ன எடத்துல அவன் கண்ணு கலங்கிருச்சு.

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் என் மாமா காப்பி தோட்டத்துல வேல பாக்குறாரு. இத அவர்கிட்ட சொன்னப்ப, "மாப்ள, சில்வர் ஓக்கு காசு கம்மி தானுங்க, ஆனா அது இல்லீன்னா மொளகு கொடி எதுல ஏறும்"ன்னாரு. ஹாரிஸ இதுக்கு மேல எப்படி சொல்றதுன்னு எனக்கு தெரியல.

எங்க ஊரு கோர்ட்லயும் இதே கத நடந்துருக்கு. நான் ஆடுன டீம் ரெண்டு வருஷம் ஜில்லா மேட்ச்ல முதல் ரவுண்டுலயே வெளிய வந்துச்சு. மூணாவது வருஷம் எல்லாரும் காசு போட்டு வெளியூர்லருந்து ஒரு பெரிய பிளேயர கூட்டிட்டு வந்தோம், நெஜமாவே பெரிய கை, ஆனா அஞ்சு மேட்ச்ல ரெண்டுக்கு தான் வந்தாரு, ப்ராக்டிஸுக்கு ஒரு நாளும் இல்ல. அவரு இல்லாத மேட்ச்ல எங்களுக்கு எப்படி ஆடுறதுன்னே தெரியல, ஏன்னா போட்ட ப்ளே எல்லாம் அவர வெச்சு தான். அடுத்த வருஷம் காசு இல்ல, உள்ளூர்லயே 38 வயசு அண்ணன் ஒருத்தர், ஓட்டம் கம்மி, ஆனா ஃப்ரீ த்ரோ லைன்லருந்து போட்டா விழும், காலைல ஆறு மணிக்கு எங்களுக்கு முன்னாடி வந்து கோர்ட்ட கூட்டி வெச்சிருப்பாரு. அந்த வருஷம் செமி வரைக்கும் போனோம். சும்மா இருந்த எங்க பாயிண்ட் கார்டு பையன் அந்த அண்ணன் கூட ஆடி தான் ஆளானான்.

அதுக்காக வயசானவங்கள வாங்குனா போதும்னு நான் சொல்லல. டெட்ராய்ட்டே 2023ல ஜோ ஹாரிஸ், மான்டே மாரிஸ்னு ரெண்டு சீனியர எடுத்துச்சு, ரெண்டு பேரும் பெருசா கோர்ட்லயே எறங்கல, அந்த வருஷம் தான் 28 தோல்வி. வர்ற ஆளு தெனமும் ஆடணும், இருக்குற சின்ன பையனுக்கு எது கொறையோ அது அவன் கையில இருக்கணும், ரெண்டும் வேணும்.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு, வேணும்னே தோத்து பிக் சேக்குறது. எங்க சாம் ஹிங்கி 2013லருந்து மூணு சீசன் பண்ணாரு, 47 ஜெயிச்சு 199 தோத்தோம். எம்பீட் அதுல தான் வந்தாரு, இல்லன்னு சொல்லல. ஆனா 2001க்கு அப்புறம் நாங்க கான்ஃபரன்ஸ் ஃபைனல் பாத்ததே இல்ல. அதோட முதல் பிக் எந்த டீமுக்குன்னு குலுக்கி எடுக்குற லாட்டரி விதிய 2019லருந்து மாத்திட்டாங்க, கடைசி மூணு டீமுக்கும் ஒரே 14 சதவீதம் தான், டெட்ராய்ட் ரெண்டு வருஷம் கடைசி எடத்துல முடிச்சும் ரெண்டு தடவயும் அஞ்சாவது பிக் தான் கெடச்சுது. இந்த வழி வேண்டவே வேண்டாம்.

சரி, இப்ப ஃபிலடெல்ஃபியா என்ன பண்ணணும். ஒரு பக்கம் எம்பீட், ஜார்ஜ் ரெண்டு பேரயும் வித்துட்டு மேக்ஸி, 2025 டிராஃப்ட்ல எடுத்த எட்ஜ்கோம்ப்னு சின்ன பசங்கள வெச்சு ஆரம்பின்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் ரெண்டு பேரும் உடம்பு தேறுனா இன்னும் சாம்பியன் டீம் தான், பொறுன்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டுமே சரியா படல. எம்பீட் ஒப்பந்தம் 2028-29 வரைக்கும் ஓடுது, ஜார்ஜுக்கு 2027-28 வரைக்கும், இந்த சம்பளத்துக்கு இந்த முட்டிய எவனும் சும்மா வாங்க மாட்டான், கூட ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் கேப்பான். அந்த தப்ப நாங்க ஒரு தடவ பண்ணிட்டோம், 2019ல ஆல் ஹார்ஃபோர்டுக்கு 109 மில்லியன் குடுத்து அடுத்த வருஷமே ஒக்லஹோமாவுக்கு தள்ளிவிட ஒரு பிக் குடுத்தோம், அது தான் 2025ல வந்து கழுத்துக்கு மேல கத்தியா தொங்குச்சு, முதல் ஆறுக்குள்ள வந்தா எங்களுக்கு, இல்லன்னா அவங்களுக்கு. மூணாவது எடம் வந்ததால எட்ஜ்கோம்ப் எங்களுக்கு கெடச்சாரு, நாலு எடம் கீழ விழுந்திருந்தா அதுவும் போயிருக்கும்.

அதனால வெச்சுக்கோங்க, ஆனா டீம அவங்கள நம்பி கட்டாதீங்க. 2025 தீபாவளி முடிஞ்சு மூணாவது நாள் காலைல அஞ்சு மணிக்கு பாஸ்டன் கூட முதல் மேட்ச், எட்ஜ்கோம்ப்புக்கு வாழ்க்கைலயே முதல் என்பிஏ மேட்ச், 34 அடிச்சாரு. அறிமுக மேட்ச்ல அத விட அதிகம் எடுத்தவங்க சரித்திரத்துல ரெண்டே பேரு, ஒருத்தர் வில்ட் சேம்பர்லின். மேக்ஸி 40. எம்பீட் 20 நிமிஷம், 4 பாயிண்ட். ஜார்ஜ் ஆடவே இல்ல. ஒரே ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம். பந்து யார் கையில இருக்கணும்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, எம்பீட் ஆடுற ராத்திரி அது போனஸ், ஆடாத ராத்திரிக்கும் ஒரே ஆட்டம் இருக்கணும்.

எனக்கு இப்ப பயமெல்லாம் குவென்டின் கிரைம்ஸ் மேல தான். 2025 பிப்ரவரில கேலப் மார்ட்டின குடுத்து வாங்குன பையன், 2025-26 சீசன் ஆரம்பத்துல 25 வயசு, ஷாட் விழும், டிஃபென்ஸும் ஆடுவான், நாங்க தேடுற சில்வர் ஓக் இது தான். அவன் கூட நீண்ட ஒப்பந்தம் பேசி முடிக்காம ஒரு வருஷ குவாலிஃபையிங் ஆஃபர்ல கையெழுத்து போட வெச்சுட்டாங்க, 8.7 மில்லியன், 2026 ஜூலைல அவன் யார்கிட்ட வேணும்னாலும் போலாம். என் ஃப்ரெண்டு இப்பவே சொல்லிட்டான், "மச்சான், ஹாரிஸ் வந்த மாதிரி அவனும் எங்ககிட்ட வரட்டும்"னு. நான் பதிலே பேசல.